‘வாபஸ்’ என்று எழுதிக் கொடுக்கும் முன்

ஒரு வழக்கை முடித்துவைக்கும் இரண்டு உத்தரவுகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். முதல் உத்தரவில், ‘வாதி வாபஸ் பெற்றதால் வழக்கு தள்ளுபடி செய்யப்படுகிறது’ என்று இருக்கும். இரண்டாவதில், ‘இதே விஷயத்தில் புதிய வழக்குத் தொடரும் உரிமையுடன் வாபஸ் பெற அனுமதிக்கப்படுகிறது’ என்று இருக்கும். கோர்ட் வராந்தாவில் நின்று கேட்பவருக்கு இரண்டும் ஒன்றுதான்: கேஸ் வாபஸ் ஆகிவிட்டது. ஆனால் முதல் உத்தரவோடு வீடு திரும்பியவர், அதே காரணத்துக்காக அதே கோரிக்கையுடன் மறுபடி படியேற முடியாது. இரண்டாவது உத்தரவைப் பெற்றவர் ஏறலாம்.

கேரளத்தின் தென்கோடியில் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் ஒன்று ஒற்றசேகரமங்கலம். பாறசாலை சட்டமன்றத் தொகுதிக்குள் வருகிறது. ரப்பரும் மரச்சீனியும் தென்னையும் கலந்து நிற்கும் சிறு சிறு வஸ்துக்கள், அதாவது நிலத்துண்டுகள். வேலிக்கு வேலி வழித் தகராறு, அளவுத் தகராறு. 1956 நவம்பர் 1-ல் மாநில எல்லை பிரிந்தபோது விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போயிற்று, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. உறவுகள் அந்தக் கோட்டுக்குக் கட்டுப்படவில்லை. அக்கரையில் குடியிருப்பவருக்கு இக்கரையில் பத்து சென்ட் இருக்கும். இக்கரையில் பிறந்தவர் அக்கரையில் வாழ்க்கைப்பட்டிருப்பார். நீதிமன்ற மொழியும் ஊருக்கு ஊர் மாறுகிறது. கிழக்கே குழித்துறையில் பிராது என்று சொல்வதை மேற்கே நெய்யாற்றின்கரையில் ‘அந்யாயம்’ என்கிறார்கள். வாதியும் பிரதிவாதியும் மட்டும் இரண்டு பக்கமும் அதே பெயர்தான். சட்டமும் ஒன்றே: 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டம், அதன் 23-ஆம் கட்டளை.

ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். ஒற்றசேகரமங்கலத்தில் பதினைந்து சென்ட் வஸ்து உள்ளவர், பக்கத்து வீட்டுக்காரர் வழியை அடைத்துவிட்டார் என்று முன்சீப் கோர்ட்டில் வழக்குப் போடுகிறார். கமிஷன் வருகிறது. வக்கீல் கமிஷனர் சர்வேயரோடு வந்து சங்கிலி பிடித்து அளக்கும்போதுதான் தெரிகிறது, அந்யாயத்தின் பட்டிகையில் எழுதியிருப்பது பழைய சர்வே எண். ரீசர்வேக்குப் பின் அந்த நிலத்துக்கு வேறு பிளாக், வேறு எண். வழி ஓடும் இடமே எண்ணில் தப்பிப்போயிருக்கிறது. ‘இதை வாபஸ் வாங்கிவிட்டு ஒழுங்காக வேறொன்று போடலாம்’ என்கிறார்கள். அவர் கையெழுத்துப் போடுகிறார். வழக்குக் கட்டின் ஓரத்தில் ‘நாட் பிரஸ்டு’ (வற்புறுத்தவில்லை) என்று ஒரு வரி எழுதப்படுகிறது.

அந்த ஒரு வரியில்தான் ஆபத்து இருக்கிறது. 23-ஆம் கட்டளையின் முதல் விதி வாதிக்கு இரண்டு வழிகளைத் தருகிறது. முதலாவது, வழக்கு தொடுத்த பின் எப்போது வேண்டுமானாலும் தன் விருப்பப்படி அதைக் கைவிடலாம். அதற்கு நீதிமன்றத்தின் சம்மதம் தேவையில்லை. ஆனால் அப்படி அனுமதியில்லாமல் விலகினால் எதிர்த்தரப்பின் செலவுத் தொகைக்குப் பொறுப்பு ஏற்க வேண்டிவரும். அதே விஷயத்தில் புதிய வழக்கும் போட முடியாது. இரண்டாவது வழிக்கு மனு வேண்டும். வழக்கு ஏதோவொரு ‘முறைசார்ந்த குறைபாட்டால்’ தோற்கும் என்றோ, புதிய வழக்குக்கு அனுமதிக்கப் ‘போதிய காரணம்’ உண்டு என்றோ நீதிபதி திருப்தி அடைந்தால், மறுபடி தொடரும் உரிமையை அவர் எழுதிக் கொடுக்கலாம். வக்கீல்கள் பேச்சில் இதற்குப் பெயர் லிபர்ட்டி. கேட்டால்தான் கிடைக்கும், கேட்டாலும் காரணம் காட்டினால்தான் கிடைக்கும்.

எது முறைசார்ந்த குறைபாடு? தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2017-ல் உச்ச நீதிமன்றம் சில எடுத்துக்காட்டுகளைச் சொன்னது: அரசுக்கு எதிரான வழக்கில் அதே நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவின்படி இரண்டு மாத நோட்டீஸ் கொடுக்காதது, சொத்தின் மதிப்பைத் தவறாகக் காட்டியது, கோர்ட் கட்டணம் குறைந்தது, வழக்குச் சொத்து எது என்பதில் குழப்பம், தரப்பினரைச் சேர்த்ததில் பிழை. நம் பதினைந்து சென்ட்காரரின் ரீசர்வே எண் குழப்பம் இந்த வரிசைக்குள் வரக்கூடியது. அவர் கேட்டிருந்தால் கிடைத்திருக்க நியாயம் உண்டு. கேட்காமல் ‘நாட் பிரஸ்டு’ எழுதிக் கொடுத்ததால் அதை இழக்கிறார்.

சாட்சி சரியாக அமையவில்லை, தீர்ப்பு எதிராகப் போகும்போல் இருக்கிறது என்பவை இந்த வகையில் சேரா. 2000-ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் தீர்த்த மற்றொரு தமிழ்நாட்டு வழக்கு இதைத் தெளிவாகச் சொல்கிறது. சென்னை உயர் நீதிமன்றத்தில் இரண்டாம் மேல்முறையீடு வரை போன நிலையில், வழக்கையே வாபஸ் பெற்றுப் புதிதாகப் போட வாதிகளுக்கு அனுமதி தரப்பட்டது. உச்ச நீதிமன்றம் அந்த அனுமதியை ரத்து செய்தது. இத்தனை ஆண்டு நடத்திய விசாரணையில் எதிர்த்தரப்புக்குச் சாதகமாக ஏற்பட்ட முடிவுகளை ஒரு வாபஸ் மனுவால் துடைத்துவிட முடியாது. அனுமதி தருமுன் நீதிமன்றம் காரணத்தை ஆராய வேண்டும் என்றது. நியாயமான தீர்ப்பு. வழக்கு நடத்தும் சுமை வாதிக்கு மட்டும் உரியதன்று. பக்கத்து வீட்டுக்காரரும் வேலையை விட்டு ஒவ்வொரு வாய்தாவுக்கும் வந்து நின்றவர்தான்.

இதில் பலருக்குத் தெரியாத ஒரு நுட்பம் உண்டு. ‘உரிமையுடன் வாபஸ்’ என்று மனுப் போட்டால், நீதிமன்றம் வாபஸை ஏற்றுக்கொண்டு உரிமையை மட்டும் மறுக்கக் கூடாது என்று பல உயர் நீதிமன்றங்கள் கூறியுள்ளன. மனுவை முழுதாக ஏற்க வேண்டும், அல்லது முழுதாக நிராகரித்து வழக்கைத் தொடர்ந்து நடத்த வேண்டும். ஆகவே கேட்பதால் உள்ளதும் போய்விடும் என்ற பயம் தேவையில்லை. கேளாமல் இருப்பதில்தான் இழப்பு.

உரிமை கிடைத்த பின்னும் காலம் ஓடிக்கொண்டேயிருக்கும். 23-ஆம் கட்டளையின் இரண்டாம் விதி கறாரானது: முதல் வழக்கே போடப்படாததுபோல் எண்ணித்தான் புதிய வழக்கின் காலவரம்பைக் கணக்கிட வேண்டும். கடன் பத்திரத்துக்கு மூன்று ஆண்டு, கிரயம் எழுதிக் கொடுக்கக் கோருவதற்கு மூன்று ஆண்டு, உரிமை அடிப்படையில் சுவாதீனம் கேட்பதற்குப் பன்னிரண்டு ஆண்டு. பாக்கியான கடனுக்கு இரண்டாம் ஆண்டில் வழக்குப் போட்டு, ஐந்தாம் ஆண்டில் உரிமையோடு வாபஸ் பெற்றவர் கையில் உத்தரவு இருக்கும். கடனுக்கான காலம் மூன்றாம் ஆண்டிலேயே தீர்ந்திருக்கும். 1963-ஆம் ஆண்டின் காலவரம்புச் சட்டம் 14-ஆம் பிரிவில் ஒரு விலக்கு தருகிறது: முதல் வழக்கு அதிகாரவரம்பு இல்லாமையாலோ அது போன்ற குறையாலோ நிற்க முடியாமல் போய், அந்தக் காரணத்துக்காகவே அனுமதி தரப்பட்டிருந்தால், நல்லெண்ணத்தோடு அங்கே கழித்த காலத்தைக் கழித்துக் கணக்கிடலாம். சர்வே எண் பிழை போன்றவற்றுக்கு இந்தச் சலுகை கிடைக்கும் என்று நம்பியிருக்க முடியாது.

எல்லைக் கிராமங்களுக்கு இந்த 14-ஆம் பிரிவு மிக முக்கியம். நிலத்தைப் பற்றிய வழக்கை நிலம் இருக்கும் இடத்து நீதிமன்றத்தில்தான் போட வேண்டும். விளவங்கோட்டில் குடியிருப்பவர், நெய்யாறு பக்கத்து வஸ்துவுக்காகக் குழித்துறையில் வழக்குப் போட்டுவிட்டால் அது நிற்காது. அப்போதும் அவசரப்பட்டு வாபஸ் எழுதிக் கொடுக்கத் தேவையில்லை. ஏழாம் கட்டளையின் பத்தாம் விதிப்படி பிராதைத் திருப்பித் தருமாறு கேட்கலாம். உரிய நீதிமன்றத்தில் அதையே தாக்கல் செய்யலாம். சின்னப் பிழையானால் ஆறாம் கட்டளையின் 17-ஆம் விதிப்படி திருத்தமும் கேட்கலாம். வாபஸ் என்பது கடைசியாக யோசிக்க வேண்டியது.

உரிமையியல் வழக்குக்கு இப்படி எழுதிவைத்த விதி உண்டு. ரிட் மனுவுக்கு? 1976 திருத்தத்துக்குப் பின் அந்த நடைமுறைச் சட்டம் அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆம் பிரிவின் கீழான மனுக்களுக்கு நேரடியாகப் பொருந்தாது. இந்த இடைவெளியை அடைத்தது ஒரு பேருந்து பெர்மிட் வழக்கு. மத்தியப் பிரதேசத்துச் சர்குஜா டிரான்ஸ்போர்ட் சர்வீஸ், மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் உத்தரவை எதிர்த்து உயர் நீதிமன்றம் போனது. மனுவை உரிமை கேட்காமல் வாபஸ் பெற்றது. பிறகு அதே உத்தரவை எதிர்த்து இன்னொரு ரிட் மனுப் போட்டது. 1986 நவம்பர் 12-ல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி ஈ. எஸ். வெங்கடராமையா எழுதிய தீர்ப்பு, இரண்டாவது மனு செல்லாது என்றது. முன்பே தீர்ப்பான விஷயம் என்பதற்காக அல்ல, பொதுக்கொள்கை இதை அனுமதிக்காது என்பதற்காக. ஒரு நீதிபதியின் முகம் சாதகமாக இல்லை என்று கண்டால் வாபஸ் பெற்று, பட்டியல் மாறி வேறொரு நீதிபதி வந்ததும் மறுபடி மனுப் போடும் பழக்கத்தைத் தடுப்பதே நோக்கம். அதே தீர்ப்பு மற்ற சட்டப் பரிகாரங்களுக்கான பாதையைத் திறந்தே வைத்தது. ஆட்கொணர்வு மனு போல ஒருவரின் உயிர், சுதந்திரம் சம்பந்தப்பட்டவை வேறு அடிப்படையில் நிற்பவை என்றும் குறிப்பிட்டது.

அந்தக் கடைசி விலக்கை ஜாமீன் வழக்குகளில் பார்க்கலாம். 2023 ஜூன் 14-ல் கைதான, அப்போது தமிழ்நாட்டு அமைச்சராக இருந்த செந்தில் பாலாஜி, மருத்துவக் காரணம் காட்டிய ஜாமீன் மனுவை அதே ஆண்டு நவம்பர் 28-ல் உச்ச நீதிமன்றத்தில் வாபஸ் பெற்றார். வாபஸ் பெற்றது அவர் வழியை அடைக்கவில்லை. கீழ் நீதிமன்றத்தில் வழக்கமான ஜாமீன் கேட்டார், மறுக்கப்பட்டது. 2024 பிப்ரவரி 28-ல் உயர் நீதிமன்றமும் மறுத்தது. 2024 செப்டம்பர் 26-ல் உச்ச நீதிமன்றமே ஜாமீன் தந்தது. சிறையில் இருக்கும் நாள் கூடக்கூடச் சூழ்நிலை மாறுகிறது. மாறிய சூழ்நிலைக்கு மறுபடி மனு உண்டு.

தனியார் குற்றப் புகார் இதற்கு நேர் எதிர். செக் திரும்பிய வழக்கில் புகார்தாரர் மாஜிஸ்திரேட்டிடம் புகாரை வாபஸ் பெற்றால், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 280-ஆம் பிரிவின்படி எதிரி விடுதலை ஆகிறார். விடுதலை ஆனவரை அதே குற்றத்துக்கு மறுபடி விசாரிக்க முடியாது. ‘அடுத்த மாதம் பணம் தந்துவிடுகிறேன், கேஸை வாபஸ் வாங்கு’ என்ற வாக்கை நம்பிக் கையெழுத்துப் போடுபவர் இதைத் தெரிந்துகொண்டே போட வேண்டும்.

மேல்முறையீட்டை வாபஸ் பெறுவதும் அப்படியே. மேல்முறையீட்டைக் கைவிட்டால் கீழ்க்கோர்ட் தீர்ப்பு அப்படியே நிலைத்துவிடும். மறுபடி போடுவதற்கான முப்பது நாள் அல்லது தொண்ணூறு நாள் அவகாசம் அதற்குள் எப்போதோ கடந்திருக்கும்.

சில மனுக்கள், போட்டவருக்கே முழுச் சொந்தம் இல்லாதவை. இளவர் சார்பில் போட்ட வழக்கை அவரது காப்பாளர் நீதிமன்ற அனுமதியின்றி விட்டுவிட முடியாது. பொதுநல மனுவில், சிறைகளில் அடைபட்ட குழந்தைகளுக்காக வழக்காடிய பத்திரிகையாளர் ஷீலா பார்சே வாபஸ் கேட்டபோது, 1988-ல் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. மனுதாரரை விலக்கி, சட்ட உதவிக் குழுவின் மூலம் வழக்கைத் தொடர்ந்து நடத்தியது. அது குழந்தைகளின் வழக்கு. மனுதாரர் ஒருவர் விலகுவதால் குழந்தைகள் வெளியே வந்துவிட மாட்டார்கள்.

தேர்தல் மனுவும் அந்த வகை. 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டப்படி, உயர் நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும்; வாபஸ் பற்றி அரசிதழில் அறிவிப்பு வர வேண்டும்; பேரம் பேசி வாங்கிய வாபஸ் என்று தெரிந்தால் அனுமதி இல்லை; வேறொருவர் முன்வந்து அதே மனுவைத் தொடரவும் செய்யலாம். ஓட்டப்பிடாரத்தில் 2016 தேர்தலில் 493 வாக்கில் தோற்ற புதிய தமிழகம் கட்சித் தலைவர் கிருஷ்ணசாமியின் மனு நிலுவையில் இருந்ததால், 2019-ல் இடைத்தேர்தல் அட்டவணையில் முதலில் அந்தத் தொகுதி சேரவில்லை. அவர் மனுவை வாபஸ் பெற்ற பிறகே பாதை திறந்தது. 2019 மே 19-ல் அங்கே வாக்குப்பதிவு நடந்தது. ஒரு வாபஸ் மனு ஒரு தொகுதி முழுவதையும் வாக்குச்சாவடிக்கு அனுப்பியது.

அரசாங்கங்களுக்கும் இந்தக் கேள்வி வருகிறது. அதுவும் ஒற்றசேகரமங்கலம் இருக்கும் மாநிலத்துக்கே அண்மையில் இரண்டு முறை வந்தது. கடன் வாங்கும் வரம்பைக் குறைத்ததை எதிர்த்து 2023 டிசம்பரில் கேரளம் உச்ச நீதிமன்றம் போனது. 13,608 கோடி ரூபாய் கடனுக்கு அனுமதிக்கிறோம், வழக்கை வாபஸ் பெறுங்கள் என்பது மத்திய அரசின் நிபந்தனை. வழக்குத் தொடுப்பது மாநிலத்துக்கு அரசமைப்புச் சட்டத்தின் 131-ஆம் பிரிவு தந்த உரிமை, வாபஸை நிபந்தனை ஆக்கக் கூடாது என்று 2024 மார்ச் 6-ல் நீதிபதிகள் சூர்ய காந்த், கே. வி. விஸ்வநாதன் அமர்வு சொன்னது. ஏப்ரல் 1-ல் வழக்கு ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வுக்குப் போனது. ஒரு மாநில அரசையே ‘வாபஸ் வாங்கினால் தருகிறோம்’ என்று கேட்க முடியுமானால், பஞ்சாயத்துச் சாலையோரத்தில் ஒரு விதவையை அப்படிக் கேட்பது எவ்வளவு எளிது என்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது நிகழ்வு ஆளுநர் வழக்கு. மசோதாக்களை நிறுத்திவைத்ததை எதிர்த்துக் கேரளம் 2023-ல் மனுப் போட்டிருந்தது. 2025 ஏப்ரல் 8-ல் தமிழ்நாட்டு வழக்கில், மசோதாக்கள் மீது முடிவெடுக்கக் காலக்கெடு விதித்துத் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பே போதும், இனித் தங்கள் மனுவுக்குத் தேவையில்லை என்று கேரளம் வாபஸ் கேட்டது. மத்திய அரசின் வழக்கறிஞர்கள் எதிர்த்தும், ஜூலை 25-ல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. நான்கு மாதம் கழித்து, நவம்பர் 20-ல், குடியரசுத் தலைவர் கேட்ட கேள்விகளுக்கு ஐந்து நீதிபதிகள் தந்த கருத்துரை, ஆளுநருக்கு நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது என்றது. கேரளம் எந்தத் தீர்ப்பை நம்பி விலகியதோ, அதன் தளமே அசைந்துவிட்டது. சட்டம் தெரிந்த, தலைசிறந்த வழக்கறிஞர்களை வைத்திருக்கும் ஒரு மாநிலத்துக்கும் வாபஸ் என்பது நாளை எப்படி இருக்கும் என்று தெரியாமல் எடுக்கும் முடிவுதான்.

கிராமத்து வாபஸ்களில் பெரும்பாலானவை சமரசத்தில் பிறப்பவை. பங்குத்தந்தையோ வார்டு மெம்பரோ மாமனோ நடுவில் நின்று பேசுவார். ‘மூன்றடி வழி விடுகிறேன், கேஸை விடு’ என்பார் எதிர்த்தரப்பு. வாதி வாபஸ் பெறுவார். ஓராண்டு கழித்து மூன்றடி இரண்டடி ஆகும், பிறகு கல் வைத்து அடைபடும். அப்போது கையில் எதுவும் இருக்காது: வழக்கும் இல்லை, எழுத்தும் இல்லை. இதற்குச் சட்டம் வைத்திருக்கும் மருந்து 23-ஆம் கட்டளையின் மூன்றாம் விதி. பேசிய சமரசத்தை எழுதி, இருவரும் கையெழுத்திட்டு, நீதிமன்றத்தில் தாக்கல் செய்தால் அதுவே தீர்ப்பாகும். மீறினால் அதை நிறைவேற்றக் கேட்கலாம். லோக் அதாலத்தில் பதிவாகும் சமரசத்துக்கும் தீர்ப்பின் பலம் உண்டு. வெளியே பேசித் தீர்த்தாலும் கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும் என்பதைச் சென்னை உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரி 17-ல் உறுதிசெய்தது. ஆகச் சமரசத்துக்கு எதிராக ஒரு வார்த்தையும் சொல்ல வேண்டியதில்லை. அது வாய்ப்பேச்சில் நின்றுவிடக் கூடாது என்பதே செய்தி.

உரிமை கேட்காமல் வாபஸ் பெற்றவருக்கு எல்லாமே முடிந்துவிடுவதுமில்லை. தடை அதே விஷயத்துக்குத்தான். ‘அதே விஷயம்’ என்றால் அதே சொத்து என்று பொருளல்ல, அதே வழக்குக் காரணமும் அதே கோரிக்கையும் என்று 1970-லேயே உச்ச நீதிமன்றம் விளக்கிவிட்டது. அன்று மூன்றடி வழிக்காகப் போட்ட வழக்கை விட்டவர், இன்று எதிர்த்தரப்பு புதிதாக மதில் கட்டித் தன் முற்றத்துக்குள் நுழைந்தால், அந்தப் புதிய அத்துமீறலுக்குப் புதிய வழக்குப் போடலாம்.

உத்தரவு வருவது ஆங்கிலத்திலோ மலையாளத்திலோ. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் தமிழ்ச் சிறுபான்மையினருக்கு அரசு அலுவலகங்களோடு தமிழில் கடிதப் போக்குவரத்து நடத்த உரிமை தந்தது. கோர்ட் உத்தரவின் அந்த ஒரு வரிக்கு அப்படி ஒரு ஏற்பாடு இல்லை. எனவே வாபஸ் மனுவில் கையெழுத்திடும் முன் மூன்று கேள்விகளை வக்கீலிடம் கேளுங்கள்: மறுபடி போடும் உரிமை கேட்டு மனு எழுதியிருக்கிறதா? உத்தரவில் அந்த உரிமை எழுத்தில் வருமா? வந்தாலும் காலம் மீதமிருக்கிறதா? பிறகு நகல் விண்ணப்பம் போட்டு உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கி, அந்த வரியைத் தமிழில் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் தாலுகா சட்டப் பணிகள் குழு இருக்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் அதன் 12-ஆம் பிரிவில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் வருமான வரம்பு எதுவும் இன்றி இலவச வக்கீல் தருகிறது.